சீசன் டிக்கெட் நம்ம கையில். மைதானம் யார் கையில்?



காரைக்காலில் 'சீசன் டிக்கெட்' என்று சொன்னால் முதலில் ஞாபகம் வருவது ரயில்தான். நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும் தினமும் வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்கள் மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டி ஒரு சீட்டு வாங்கி வைத்துக்கொள்வார்கள். ரயில் தினமும் ஓடும் என்கிற நம்பிக்கையில் முன்கூட்டியே கொடுக்கும் காசு அது. ஓடாவிட்டால் கேட்க ஸ்டேஷன் மாஸ்டர் இருக்கிறார், கோட்ட அலுவலகம் இருக்கிறது, எம்.பி. இருக்கிறார்.

கால்பந்திலும் சீசன் டிக்கெட் உண்டு. ஒரு அணி தன் சொந்த மைதானத்தில் அந்த வருஷம் ஆடப்போகிற எல்லா ஆட்டத்துக்கும் சேர்த்து, முதல் விசில் ஊதுவதற்கு முன்பே ரசிகர் பணம் கட்டிவிடுவார். யார் ஆடுவார்கள், அணி ஜெயிக்குமா, மழை வருமா, எதுவும் அவருக்குத் தெரியாது. 'என்ன ஆனாலும் நான் வருவேன்' என்று கொடுக்கிற வாக்கு அது. அதற்குப் பதிலாக கிளப் அவருக்கு என்ன வாக்கு கொடுக்கிறது? அடுத்த வருஷம் அந்த அணி இருக்குமா? அந்த மைதானம் இருக்குமா? இருந்தாலும் அதில் கால்பந்து நடக்குமா, இல்லை கண்காட்சி நடக்குமா?

கட்சிப் பக்கத்தில் கால்பந்து எதுக்குன்னு சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. காசு கொடுப்பது ஜனம், இடம் கொடுப்பது அரசு, முடிவெடுப்பது மட்டும் வேறு யாரோ என்றால், அது அரசியல் பிரச்சினைதான். அதனால்தான் இன்றைய தலையங்கம் இதைப் பற்றி.

◼ பந்து உருளாத ஏழு மாதம்

2025 ஜூலை 11. இந்தியாவின் முதல்நிலை கால்பந்துப் போட்டியான ஐ.எஸ்.எல். 2025-26 சீசன் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று அதை நடத்தும் நிறுவனம் கிளப்புகளுக்குத் தெரிவித்தது. காரணம், 2010-ல் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துடன் போட்ட 15 ஆண்டு வணிக ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிகிறது. புதுப்பிப்பார்களா என்று தெளிவில்லை. ஆட்டக்காரர்கள் மோசமாக ஆடியோ, ரசிகர்கள் வராமலோ நின்ற சீசன் இல்லை இது. ஒரு காகிதத்தின் தேதி முடிந்ததால் நின்றது.

ஆகஸ்ட் மாதம் பெங்களூரு எஃப்.சி. சம்பளத்தை நிறுத்தியது. சில நாளில் நம்ம சென்னையின் எஃப்.சி.யும் செயல்பாட்டை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. 2014-ல் தொடங்கி, 2015-லும் 2017-18-லும் கோப்பை வாங்கிய அணி. 2015 வெள்ளத்தின்போது நேரு ஸ்டேடியத்தில் ஆட முடியாமல், அரையிறுதியின் 'சொந்த மைதான' ஆட்டத்தைப் புனேவில் போய் ஆடி ஜெயித்து, பிறகு கோவாவில் கோப்பையைத் தூக்கிய அணி. வெள்ளம் நிறுத்தாத அணியை ஒப்பந்தம் நிறுத்தியது.

விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. புதிய வணிகக் கூட்டாளிக்கு டெண்டர் விட்டார்கள். நவம்பரில் கெடு முடிந்தபோது ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. கடைசியில் மத்திய விளையாட்டு அமைச்சர் தலையிட்டு, 2026 பிப்ரவரி 14-ல் சுருக்கப்பட்ட ஒரு சீசன் தொடங்கியது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள் தோழர்களே. அந்த ஏழு மாதமும் சம்மேளனம் பேசியது, நிறுவனம் பேசியது, கிளப் முதலாளிகள் பேசினார்கள், வக்கீல்கள் பேசினார்கள். வீரர்கள் சமூக வலைத்தளத்தில் கெஞ்சினார்கள். சூப்பர்மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்று பேர் வைத்து, பத்து வருஷமாக நேரு ஸ்டேடியத்தில் பறை அடித்து, பேனர் கட்டி, தொண்டை வறண்டு கத்தியவர்களுக்கு அந்த மேசையில் ஒரு ஸ்டூல்கூடப் போடவில்லை. கேலரி நிறைய வேண்டுமானால் ரசிகர் 'குடும்பம்'. முடிவெடுக்கும்போது அவர் வெறும் வாடிக்கையாளர்.

◼ கோயம்புத்தூரில் மிஞ்சியது

நம்மில் பலருக்கு இது மறந்தே போயிருக்கும். 2018-19 ஐ-லீக் சாம்பியன் யார்? சென்னை சிட்டி எஃப்.சி. பேர்தான் சென்னை, சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். 1946-ல் நேதாஜி பேரில் தொடங்கிய பழைய கிளப்பின் வழி வந்த அணி. 43 புள்ளி எடுத்து, நூறு வருஷப் பாரம்பரியம் உள்ள ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தியது. 2019 மார்ச் 9-ல் கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாபை ஜெயித்தால்தான் கோப்பை என்கிற நிலையில், பின்தங்கியிருந்து எழுந்து 3-1 என்று ஜெயித்தார்கள். கிரிக்கெட் ஊர் என்று சொல்லப்பட்ட கோவையில் அன்றைக்குக் கேலரி குலுங்கியது. அந்த வருஷமே சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. இனிமே வளர்ச்சிதான் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கில் அந்த அணியைக் காணோம். கோப்பை வாங்கி இரண்டே வருஷம்!

ஸ்டேடியம் மட்டும் அங்கேயே இருக்கிறது. ஏன்? அது பொதுச் சொத்து. கிளப் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் அது இல்லை. அணி மறைந்த பிறகும் கோவைப் பையன்கள் ஓடுவதற்கு அந்த ஓடுபாதை மிச்சம் இருக்கிறது. இந்த ஒரு பாடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊருக்கு வரும்போது தேவைப்படும்: அணி போனால் இன்னொரு அணி கட்டலாம். மைதானம் போனால் எங்கே போய்க் கட்டுவது?

◼ எர்ணாகுளம் எக்ஸ்பிரஸில் ஏறினால்

நம்ம ஸ்டேஷனில் சாயங்காலம் எர்ணாகுளம் எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலை இறங்கலாம். இறங்கும் ஊரில் கலூர் ஸ்டேடியம். கேரளா பிளாஸ்டர்ஸின் வீடு. நம்ம யூனியன் பிரதேசத்தின் ஒரு துண்டான மாஹேயிலும் பாதி வாலிபர்கள் மஞ்சள் ஜெர்சிதான் போட்டிருப்பார்கள். மலபார் முழுக்க எழுவர் கால்பந்து ரத்தத்தில் ஓடுவது.

அங்கே 'மஞ்சப்பட' என்கிற ரசிகர் கூட்டம் 2024 டிசம்பரில் ஒரு காரியம் செய்தது. நிர்வாகம் அணியைச் சரியாகக் கட்டவில்லை, எங்கள் பேச்சுக்கு மதிப்பில்லை என்று சொல்லி, இனிமேல் டிக்கெட் வாங்கவும் மாட்டோம், விற்கவும் மாட்டோம் என்று அறிவித்தது. அணியை விட்டுப் போகவில்லை. கிளப்பின் கல்லாவுக்கு மட்டும் பூட்டுப் போட்டார்கள். அடுத்த மாதமே ரசிகர் ஆலோசனைக் குழு ஒன்று அமைப்பதாக கிளப் சொல்ல வேண்டி வந்தது. சீசன் டிக்கெட் வெறும் நுழைவுச் சீட்டு இல்லை, சேர்ந்து பிடித்தால் அது ஒரு கோரிக்கை மனு என்று காட்டினார்கள்.

அதே கலூர் ஸ்டேடியத்தின் இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். அது கொச்சி பெருநகர வளர்ச்சி ஆணையத்துக்குச் சொந்தமானது. அங்கே 2024 டிசம்பர் கடைசியில் ஆயிரக்கணக்கானோர் ஆடிய ஒரு நடன சாதனை நிகழ்ச்சி நடந்தபோது ஒரு எம்.எல்.ஏ. மேடையிலிருந்து விழுந்து பலத்த காயம்பட்டார். அடுத்து 2025 நவம்பரில் மெஸ்ஸியின் அர்ஜென்டினா வந்து ஆடப்போகிறது என்று விளம்பரம் ஆனது. அதற்காக ஸ்டேடியம் புதுப்பிக்கும் வேலை தொடங்கியது. அர்ஜென்டினா வரவில்லை. வேலைக்கு என்ன ஒப்பந்தம், யாருக்கு என்ன பொறுப்பு, இருக்கைகளையும் புல்தரையையும் யார் சரிசெய்து தருவார்கள் என்று கேரளத்தில் பெரிய சர்ச்சை கிளம்பியது.

ஸ்டேடியம் அரசுடையது என்றால் மட்டும் போதாது என்பது அங்கே கிடைத்த பாடம். அரசு அதை யாருக்கு, எத்தனை நாளைக்கு, என்ன நிபந்தனையில் கொடுக்கிறது என்பது ஜனத்துக்குத் தெரிய வேணும்.

◼ பேரைக் காப்பாற்றியவர்கள், ஊரைக் காப்பாற்றியவர்கள்

கொல்கத்தாவில் 1889-ல் பிறந்த மோகன் பகான், 1911 ஜூலை 29-ல் வெறுங்காலோடு ஆடி ஒரு வெள்ளைக்கார ராணுவ அணியைத் தோற்கடித்துக் கேடயம் வாங்கிய கிளப். வெள்ளைக்காரனை ஜெயிக்க முடியும் என்று நாட்டுக்கே காட்டிய நாள் அது. அந்தக் கிளப் 2020-ல் ஒரு பெரிய கம்பெனியின் அணியோடு சேர்க்கப்பட்டு, முன்னால் 'ஏடிகே' என்ற ஒட்டுப் பேரும் வந்தது. ரசிகர்கள் விடவில்லை. மூன்று வருஷம் தெருவில், கேலரியில், போஸ்டரில் ஒரே கோரிக்கை: அந்த மூணெழுத்தை எடு. 2023 மார்ச்சில் கோப்பை வாங்கிய அன்றைக்கே முதலாளி மைதானத்தில் நின்று, எடுத்துவிடுகிறோம் என்று அறிவித்தார். நூறு வருஷப் பேரைத் திருப்பி வாங்கியது ஜனத்தின் பிடிவாதம்.

லண்டனில் நடந்தது இன்னும் கடுமை. விம்பிள்டன் என்ற கிளப்பை சுமார் 90 கி.மீ. தள்ளி மில்டன் கீன்ஸ் என்ற ஊருக்கு மாற்ற 2002 மே மாதம் அனுமதி கொடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 'உங்க கிளப்பை நீங்களே எடுத்துட்டுப் போங்க' என்று சொல்லி, ஊர்ப் பொதுத் திடலில் ஆள் தேர்வு நடத்தி, ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதுக் கிளப்பைத் தொடங்கினார்கள். முதலாளி கிடையாது, ரசிகர் அறக்கட்டளைதான் உரிமையாளர். ஒன்பதாம் படியில் தொடங்கி ஏறி ஏறி, 2011-ல் தொழில்முறை லீக்குக்கு வந்தார்கள். 2020-ல், சாதாரண ஜனத்திடம் கடன் பத்திரம் போட்டுப் பணம் திரட்டி, பழைய தெருவிலேயே சொந்த ஸ்டேடியம் கட்டிக் குடியேறினார்கள். பதினெட்டு வருஷப் போராட்டம்.

இப்படிப் பல ஊர் அழுத பிறகு 2025 ஜூலையில் இங்கிலாந்தில் ஒரு சட்டமே வந்தது. கிளப் தன் மைதானத்தை விற்கவோ வேறு ஊருக்கு மாறவோ வேண்டுமென்றால், தனி ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் வாங்க வேணும். முக்கிய முடிவுகளில் ரசிகர்களைக் கலந்து பேச வேணும். ஜெர்மனியில் 1998 முதலே, கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் கையில் இருக்க வேணும் என்ற விதி உண்டு. ஒன்றிரண்டு விதிவிலக்கு இருக்கிறது. விதி இன்னும் நிற்கிறது.

நம்ம ஊரில் பிரான்சில் சொந்தக்காரர் இல்லாத தெரு குறைவு. மாமா அனுப்பிய பாரிஸ் ஜெர்சி போட்டுத் திரியும் தம்பிகளே, அந்த மாமாவிடம் போர்டோ கிளப்பைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஆறு முறை பிரான்ஸ் சாம்பியன். முதலாளிகள் கைமாறிக் கைமாறி, 2024 கோடையில் கடனில் மூழ்கி, தொழில்முறை அந்தஸ்தையே இழந்து நாலாம் டிவிஷனுக்குப் போனது. பணக்கார நாட்டிலும் இதுதான் நிலைமை.

◼ இப்ப நம்ம காரைக்கால்

நமக்கு ஐ.எஸ்.எல். அணி கிடையாது. சீசன் டிக்கெட்டும் யாரும் அச்சடிக்கவில்லை. அப்ப நமக்கென்ன என்று நினைக்காதீர்கள்.

பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் கிராமத்துக் கிராமம் டோர்னமெண்ட் நடக்கிறது. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, கோட்டுச்சேரிமேடு, மண்டபத்தூர் என்று கடலோரம் முழுக்க, படகை ஏற்றிவிட்டு வந்து பந்தைத் தொடுகிற பையன்கள். டியூப்லைட் கட்டி மின்னொளி ஆட்டம் நடத்த ரசீது புக்கோடு தெருவில் வருவார்கள். கடைக்காரர் நூறு ரூபாய் எழுதுவார், மீன் விற்கும் அம்மா இருபது ரூபாய் கொடுப்பார், துபாயில் இருக்கும் அண்ணன் கோப்பைக்கு ஸ்பான்சர் பண்ணுவார். தோழர்களே, அந்த ரசீதுதான் நம்ம ஊர் சீசன் டிக்கெட். ஆட்டம் தொடங்கும் முன்பே, நம்பிக்கையில் கொடுக்கிற காசு.

அந்தப் பந்து உருள ஒரு இடம் வேணும். காரைக்கால் மாவட்டத்தின் மொத்தப் பரப்பே சுமார் 157 சதுர கி.மீ. 2011 கணக்குப்படி 2 லட்சம் பேர். ஒருபக்கம் கடல், மற்ற மூணு பக்கமும் தமிழ்நாடு. வயல் மனைக்கட்டாக மாறிக்கொண்டே வருகிறது. காலியாகத் தெரியும் ஒவ்வொரு திடலும் ஒரு திட்டத்துக்கு 'பொருத்தமான இடம்' ஆகிவிடும். இன்றைக்கு ஒரு மூலையில் டேங்க், நாளைக்கு ஒரு அலுவலகம், அடுத்து வாகனம் நிறுத்த கொஞ்சம். மைதானம் ஒரே நாளில் போவதில்லை. மூலை மூலையாகப் போகும். கார்னர் கிக் அடிக்க இடம் இல்லாத அன்றைக்குத்தான் நமக்கே தெரியும்.

இதை யாரிடம் கேட்பது? இங்கேதான் பிரச்சினையின் வேர் இருக்கிறது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல். அதுவே 1968-க்கு அப்புறம் 38 வருஷம் கழித்து. 2011-ல் அந்தப் பதவிக்காலம் முடிந்தது. 2021-ல் தேதி அறிவித்தார்கள், நடக்கவில்லை. அதாவது, இன்றைக்கு முதல் ஓட்டுப் போடும் வயதில் இருக்கிற காரைக்கால் வாலிபன் தன் வார்டுக்கு ஒரு கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்ததே கிடையாது. நகராட்சித் திடலானாலும் கொம்யூன் பஞ்சாயத்துத் திடலானாலும் முடிவு அதிகாரி கையெழுத்தில் நடக்கிறது. அதிகாரி நல்லவராகவே இருக்கலாம். மாற்றல் வந்தால் போய்விடுவார். திடலை இழந்தவன் இங்கேயேதான் இருப்பான்.

இன்னொன்று, எல்லைக்கோடு. வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். பூவத்தைத் தாண்டினால் தரங்கம்பாடி. அந்தப் பக்கம் இருக்கும் பையனுக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதி, முதலமைச்சர் கோப்பை எல்லாம் உண்டு. இந்தப் பக்கம் இருப்பவனுக்கு எல்லாம் புதுச்சேரி. சிதம்பரம், கடலூர் வழியாகத் தமிழ்நாட்டைக் கடந்து சுமார் 130 கி.மீ. போக வேணும். காலை ஏழு மணிக்குத் தேர்வு என்றால் நடுராத்திரி பஸ் ஏறி, தூங்காமல் போய் இறங்கி, உப்பளம் மைதானத்தில் ஓடிக் காட்ட வேணும். வீட்டில் தூங்கி எழுந்து வந்தவனோடு போட்டி. பெண் பிள்ளை என்றால் கூட ஒருத்தர் போக வேணும். ஒரு நாள் கூலி போச்சு. திறமை இல்லாமல் காரைக்கால் பிள்ளைகள் பின்தங்கவில்லை. பஸ் கட்டணத்திலும் தூக்கத்திலும் பின்தங்குகிறார்கள்.

'ரோடு சரியில்ல, வேலை இல்ல, இதுல மைதானம் ஒரு கேடா?' என்று ஒருத்தர் கேட்டால் கோபப்படாதீர்கள். ரேஷன் கடையை ஞாபகப்படுத்துங்கள். பல வருஷம் பூட்டிக் கிடந்து, 2024 அக்டோபரில்தான் மறுபடி திறந்தார்கள். பூட்டிய ஒன்றைத் திறக்கவே இத்தனை பாடு. கட்டடம் எழும்பிவிட்ட திடலை யார் திறந்து தருவார்கள்? சாயங்காலம் திடல் இல்லாத பையன் எங்கே போய் உட்காருவான் என்பதும் எந்த அம்மாவைக் கேட்டாலும் தெரியும். புயலோ வெள்ளமோ வந்தால் நிவாரண லாரி நிற்கவும் ஜனம் கூடவும் திறந்தவெளி வேணும் என்பதை, சுனாமியையும் கஜாவையும் பார்த்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

◼ நம்ம தப்பையும் சொல்லிவிடுவோம்

அடுத்தவரை மட்டும் குற்றம் சொன்னால் இந்தத் தலையங்கம் நேர்மையாக இருக்காது.

அரசியல் பொதுக்கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் ஒரு திடலைப் போய்ப் பாருங்கள். கம்பம் நட்ட குழி. பந்தல் ஆணி. மேடை லாரி ஏறி இறங்கிய தடம். தண்ணீர் பாக்கெட். நம் கட்சி உட்பட எல்லாக் கட்சியும் இதைச் செய்திருக்கிறது. கூட்டம் எத்தனை ஆயிரம் என்று போட்டோ போடுகிறோம். அந்தக் குழியில் கால் விட்டு முட்டி பிசகும் பையன் போட்டோவில் வருவதில்லை. அவனும் நமக்கு ஓட்டுப் போடப் போகிற பிள்ளைதான்.

அதனால் இன்று முதல் நம் கட்சிக் கிளைகள் கடைப்பிடிக்க வேண்டியது: ஆடுகளத்தின் கோட்டுக்குள் மேடை போடக் கூடாது. டோர்னமெண்ட் தேதியில் கூட்டம் வைக்கக் கூடாது. கூட்டம் முடிந்த 24 மணி நேரத்தில் குழி மூடி, ஆணி பொறுக்கி, அங்கே ஆடும் பையன்களைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேணும். மீறினால் எங்களிடம் சொல்லுங்கள். நம்ம கொடி கட்டியிருந்தாலும் கேட்போம்.

◼ நாம் கேட்பது

1. காரைக்கால், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் என எல்லாப் பகுதியிலும் உள்ள பொது மைதானம், பள்ளித் திடல், கிராமத் திடல் ஒவ்வொன்றுக்கும் ஆர்.எஸ். எண், பரப்பளவு, யார் பேரில் இருக்கிறது என்ற பட்டியலை அரசு வெளியிட வேண்டும்.

2. எந்தத் திடலையும் வேறு பயன்பாட்டுக்கு மாற்றும் முன் அந்த ஊரிலேயே பொது விசாரணை நடத்த வேண்டும். மாற்றுத் திடல் தயாரான பிறகுதான் பழையதில் கடப்பாரை விழ வேண்டும்.

3. ஒவ்வொரு பொது மைதானத்துக்கும் ஒரு மைதானக் குழு. அதில் ஆடுகிறவர்கள், பயிற்சியாளர்கள், பெண்கள், மீனவ கிராமப் பஞ்சாயத்தார், அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் இருக்க வேண்டும். தனியாருக்கு வாடகைக்கு விட்டால் எத்தனை நாள், எவ்வளவு பணம், சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதை மைதான வாசலிலேயே எழுதி ஒட்ட வேண்டும்.

4. மாநில அணித் தேர்வின் முதல் சுற்று காரைக்காலில் நடக்க வேண்டும். புதுச்சேரிக்குப் போகிற பிள்ளைக்கும் துணைக்குப் போகிறவருக்கும் பயணச் செலவும் தங்க இடமும் தர வேண்டும்.

5. பெண் பிள்ளைகள் ஆட விளக்கு, கழிப்பறை, உடை மாற்ற அறை. இது சலுகை கிடையாது, அடிப்படை வசதி.

6. உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்த வேண்டும். மேலே உள்ள ஐந்துக்கும் சாவி இதுதான்.

7. தொழில்முறை லீக்குகளில் சீசன் டிக்கெட் வாங்குபவருக்கு, சீசன் நின்றாலோ ஆட்டம் வேறு ஊருக்கு மாறினாலோ பணம் திருப்பித் தரும் விதி நாடு முழுக்க வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவரும் நுகர்வோர்தான்.

◼ நீங்கள் செய்ய வேண்டியது

தோழர்களே, லைக் போட்டுவிட்டுக் கடந்து போக இது போஸ்டர் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க தெருத் திடலுக்குப் போங்க. நாலு மூலையும் நடந்து பாருங்க. எங்கே வேலி உள்ளே வந்திருக்கு, எங்கே குப்பை கொட்டியிருக்கு, கோல் போஸ்ட் இருக்கா, ராத்திரி விளக்கு எரியுதா என்று எழுதிக்கொள்ளுங்க. அங்கே தினமும் ஆடுகிற பையன்களிடம் அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து கேளுங்க. அவனுக்குத் தெரிந்தது நம்ம யாருக்கும் தெரியாது.

அப்புறம் பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமைச் சட்ட மனு: இந்தத் திடல் யார் பேரில் இருக்கிறது, இதற்கு ஏதாவது திட்டம் முன்மொழியப்பட்டிருக்கிறதா? மனு எழுதத் தெரியாவிட்டால் கிளை அலுவலகத்துக்கு வாங்க, எழுதித் தருகிறோம். எல்லாக் கிளையும் சேர்த்தால் அரசு வெளியிடாத பட்டியலை நாமே வெளியிட்டுவிடலாம்.

விம்பிள்டன்காரர்களுக்குத் தங்கள் மைதானம் போன பிறகுதான் புத்தி வந்தது. திரும்ப வாங்கப் பல வருஷம் ஆனது. கோவைக்காரர்களுக்கு அணி போனது, மைதானம் மிஞ்சியது. நமக்கு இன்னும் இரண்டும் இருக்கிறது. பட்டினச்சேரியில் பந்து உருள்கிறது, திடலில் புழுதி பறக்கிறது. அது இருக்கும்போதே அதற்கு ஒரு காகிதப் பாதுகாப்பு வாங்கிவிடுவோம்.

அடுத்த பொங்கலுக்கு ரசீது புக்கோடு பையன்கள் உங்க வீட்டு வாசலுக்கு வரும்போது காசு கொடுங்க. கொடுக்கும்போது ஒரு கேள்வியும் கேளுங்க: 'தம்பி, திடல் பத்திரமா இருக்கா?'

மைதானம் மக்கள் சொத்து! முடிவெடுப்பது மக்கள் உரிமை!

தோழமையுடன்,
ஆசிரியர் குழு

#மைதானம்_மக்களுக்கே
#காரைக்கால்
#உள்ளாட்சித்_தேர்தல்_நடத்து